100 ஜிப் ஃபைல், வேணும்கிறது பிடிஎஃப் மட்டும்: யார் இந்த ஃபில் காட்ஸ்?

நெல்லை வண்ணார்பேட்டையில் ஆபீஸ். கையில் 100 ஜிப் ஃபைல். ஒவ்வொன்றிலும் பிடிஎஃப் மட்டும் வேணும். நாலைந்து வரி பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். அந்த வசதிக்குக் காரணம் 1962-ல் பிறந்த அமெரிக்க புரோகிராமர் ஃபில் காட்ஸ்.

மோடம் காலத்தில் ஃபைல் பெருசானால் போன் பில் எகிறும். அப்போது பிரபலமான ‘ஆர்க்’ முறையிலேயே வேகமான மென்பொருளை காட்ஸ் கொண்டுவந்தார். 1988-ல் ஆர்க் நிறுவனம் வழக்குப் போட, பணம் கொடுத்து சமரசம் ஆனார்.

அடுத்த வருஷமே சொந்தமாக ஜிப். இந்த முறை வடிவமைப்பு விவரத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டார். ஜிப் ஃபைலின் கடைசியில் ஒரு பொருளடக்கம் இருக்கும். உள்ளே எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது என்று அதில் பதிவாகியிருக்கும். ஸ்கிரிப்ட் அதைப் படித்து, பிடிஎஃப் என முடியும் பெயர்களைப் பொறுக்கி, நேராக அந்த இடத்துக்கே போய் எடுத்துவிடும். டார்-ஜிஇசட் என்றால் முதலிலிருந்து விரித்துக்கொண்டே வரணும்.

நிறுவனம் வளர வளர காட்ஸ் குடியில் மூழ்கினார். 2000 ஏப்ரல் 14 அன்று மில்வாக்கி விடுதி அறையில் இறந்துகிடந்தார். வயது 37. நீங்க அனுப்பும் எக்செல் ஷீட்டும் உள்ளுக்குள் ஜிப்தான். அதன் முதல் இரண்டு எழுத்து அவருடைய இனிஷியல், பி.கே.