லுட்விக் மாண்டும் எரியாத என் பல்பும்



அறிவியல் கண்காட்சியில் நான் எரிபொருள் மின்கலம் மாடல் வைத்தது ஞாபகம் இருக்கா? ரெண்டு பென்சில் கரி, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் ஆப்ப சோடா. பல்பு எரியவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. பார்க்க வந்த ஒரு சார், ஹைட்ரஜன் இருந்தால் மின்சாரம் வரும், சரி, அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்று கேட்டார். திருதிருவென்று முழித்தேன்.

அதே கேள்விக்காக 1880-களிலேயே மண்டையை உடைத்துக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் லுட்விக் மாண்ட்.

1839 மார்ச் 7-ல் ஜெர்மனியில் காசெல் என்ற ஊரில் பிறந்தார். ஹைடல்பர்க்கில் அவருக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் பன்சன். ஆமாம், நம்ம லேப் அடுப்புக்குப் பேர் கொடுத்த அதே பன்சன்! ஆனால் மாண்ட் பட்டம் வாங்காமலே வேலைக்குப் போய்விட்டார். 1862-ல் இங்கிலாந்து சென்றார். 1873-ல் நண்பர் ஜான் பிரன்னரோடு சேர்ந்து சோடா தயாரிக்கும் தொழில் தொடங்கினார். கண்ணாடிக்கும் சோப்புக்கும் சோடா வேண்டுமே! பெரும் பணக்காரர் ஆனார்.

ஆனாலும் ஆராய்ச்சியை விடவில்லை. நிலக்கரி வாயுவை எரிக்காமல் நேரே மின்சாரம் ஆக்க ஆசைப்பட்டார். 1889-ல் கார்ல் லாங்கரோடு சேர்ந்து அவர் செய்த கலம் 0.73 வோல்ட் கொடுத்தது. ஒரு சிக்கல். அந்த வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு கலத்தைக் கெடுத்துவிடும். அதனால் வாயுவோடு நீராவி கலந்து, சூடான நிக்கல் தூள் வழியாக விட்டார்கள். கார்பன் மோனாக்சைடு நீராவியின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடு ஆகும், ஹைட்ரஜன் தனியே வரும். விஷமும் போச்சு, எரிபொருளும் கிடைச்சாச்சு!

இருந்தும் பிளாட்டினம் விலை கட்டுப்படியாகாமல் கலம் கைவிடப்பட்டது. ஆனால் 1890-ல், நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து ஒரு ஆவியாவதை அவர் குழு கண்டுபிடித்தது. சுத்தமான நிக்கல் எடுக்க அதுவே வழியானது. 1909 டிசம்பர் 11-ல் லண்டனில் காலமானார்.

இன்றைக்கு நாஃப்தா, மெத்தனால் மாதிரி திரவ எரிபொருளில் இருந்தும் மின்கல நிலையத்துக்கு ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். முதலில் எரிபொருளை ஆவியாக்கி, கந்தகம் இருந்தால் நீக்கி, நீராவி கலந்து சூடான வினையூக்கி மேல் விடுவார்கள். நாஃப்தாவுக்கு நிக்கல், மெத்தனாலுக்குச் செம்பு. மிஞ்சும் கார்பன் மோனாக்சைடை மாண்ட் செய்த மாதிரியே நீராவியால் மாற்றுவார்கள். கார்பன் டை ஆக்சைடு வெளியே வருவது மட்டும் இன்னும் தீராத குறை.

சார், உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். மாண்டின் கலமே கைவிடப்பட்டது என்று தெரிந்தபின் என் பல்பு எரியாததில் எனக்கு வெட்கம் இல்லை. அடுத்த வருஷமும் மாடல் வைப்பேன், பார்க்க வாங்க!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி