நம்ம பக்கத்துப் பிரதமர்

மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். என் தொழிலான மோட்டார், பம்புசெட் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் இருந்தேன். அப்புறம் இரண்டாம் வருஷ குவிஸ் போட்டி ஞாபகம் வந்தது. ராஜாஜி பிறந்தது எந்த மாவட்டம் என்று கேட்டார்கள். சேலம் என்றேன். தப்பு என்று மார்க் போச்சு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரலை!

1878 டிசம்பர் 10-ல் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் அவர் பிறந்தபோது அது சேலம் மாவட்டம்தான். 1965-ல் தருமபுரி மாவட்டம் உருவானபோது நம்மோடு வந்தது. 2004-ல் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டது.

அப்பா ஊர் முன்சீப். ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூரில் கல்லூரி, சென்னையில் சட்டம். 1900 முதல் சேலத்தில் வக்கீல், 1917-ல் நகராட்சித் தலைவர். பிறகு காந்தி, சிறை, 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கு. நான் சொல்ல வந்தது 27 மாதக் கதை.

1937 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159-ஐப் பிடித்தது. ஆனால் கவர்னர் தலையிட மாட்டார் என்ற உறுதி கிடைக்காமல் பதவி ஏற்கவில்லை. இடைவெளியில் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் மந்திரிசபை ஏப்ரல் 1 முதல் மூன்றரை மாதம் இருந்தது. எங்கள் பாஷையில் சொன்னால் டெம்பரவரி கனெக்‌ஷன். ஜூலை 14-ல் ராஜாஜி பிரதமரானார். மாகாண முதல்வரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 1-ல் மதுவிலக்கு வந்தது. மாகாணத்திலேயே முதலில் எங்கே? அவருடைய சொந்த சேலம் மாவட்டத்தில். அதாவது நம்ம தருமபுரி, அரூர், ஓசூர் எல்லாம் சேர்த்து. அரசு வருமானத்தில் பெரும் பங்கு கள், சாராயக் கடைகளிலிருந்து வந்த காலம் அது. அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி போட்டார். நான் இன்று ஒவ்வொரு பில்லுக்கும் கட்டுகிற ஜிஎஸ்டிக்கு அதுதான் பாட்டன்.

என் பூட்டனார் பனை ஏறிக் கள் இறக்கியவர். ஒரே நாளில் பிழைப்பு போச்சு என்று ஆயா சொல்லும். பிறகு சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சினாராம். வருமானம் பாதிகூட இல்லை. ஆனால் பக்கத்து வீடுகளில் ராத்திரி அடிதடிச் சத்தம் நின்றதையும் அதே ஆயாதான் சொல்லும். எந்தப் பக்கம் பேசுவது என்று எனக்கு இன்றுவரை தெரியலீங்க.

கடன்பட்ட குடியானவர்களுக்கு 1938-ல் ஒரு சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. மானாவாரிக் காட்டை நம்பிய நம்ம பக்கத்துக்கு இது சின்ன விஷயமா?

இவ்வளவும் செய்தவர்தான் அதே 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை போனார்கள். நடராசன், தாளமுத்து இருவரும் 1939-ல் காவலில் இருந்தபோதே இறந்தார்கள். எவ்வளவு அபிமானம் இருந்தாலும் இதை மழுப்ப முடியாது. பிற்காலத்தில் அவரே இந்தித் திணிப்பை எதிர்த்தார்; ஆனால் போன உயிர் போனதுதான்.

இந்தியத் தலைவர்களைக் கேட்காமலே பிரிட்டன் நம்மை உலகப்போரில் இழுத்துவிட்டது. காங்கிரஸ் முடிவுப்படி 1939 அக்டோபர் இறுதியில் மந்திரிசபை ராஜினாமா செய்தது. பிறகு கவர்னர் ஜெனரல், 1952 முதல் இரண்டு வருஷம் முதல்வர், பாரத ரத்னா என்று நீண்ட வாழ்க்கை.

1971-ல் கலைஞர் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது ராஜாஜிக்கு 92 வயது. கொட்டும் மழையில் முதல்வர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். ஆகஸ்ட் 30-ல் தளர்த்திவிட்டார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 25-ல் அவர் காலமானார். தொரப்பள்ளி அப்போது தருமபுரி மாவட்டம். குவிஸ் மாஸ்டர் கவனிக்க!