கரை சேர்த்த கைகள்

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் உள்ளது மேன் தீவு. 1808ஆம் ஆண்டில் அங்குக் குடியேறிய வில்லியம் ஹில்லரி, புயற்காலத்தில் கப்பல்கள் பாறைகளில் மோதிச் சிதைவதைக் கண்டு வருந்தினார்.

1822 டிசம்பரில் ரேஸ்ஹார்ஸ் என்னும் போர்க்கப்பல் தீவின் தென்கரையில் உடைந்தது. மாலுமிகளை மீட்கச் சென்ற ஊரார் சிலரும் அலைகளுக்கு இரையாயினர். உயிர்காக்கத் துணிவு மட்டும் போதாது. தகுந்த படகும், பயின்ற குழுவும், மீட்புப் பணியில் மாண்டோர் குடும்பங்களுக்கு ஆதரவும் வேண்டும் என்பதை ஹில்லரி உணர்ந்தார். மறு ஆண்டே இக்கருத்துகளைச் சிறுநூலாக வெளியிட்டார். எந்நாட்டவராயினும் கடலில் தத்தளிப்போரைக் காத்தல் கடமை என வலியுறுத்தினார். கடற்படைத் துறையிடம் போதிய ஆதரவு கிட்டாதபோதும் மனம் தளராது, இலண்டன் வள்ளல்களை நாடினார். 1824 மார்ச் 4ஆம் நாள் உயிர்மீட்பு அமைப்பு தோன்றியது. மக்களின் நன்கொடையால் கடற்கரை ஊர்களில் மீட்புப் படகுகள் நிறுத்தப்பட்டன. அவற்றைச் செலுத்தத் தன்னார்வலர் முன்வந்தனர்.

பிறரை அழைத்த ஹில்லரி தாம் கரையில் நின்றுவிடவில்லை. 1830 நவம்பரில் செயின்ட் ஜார்ஜ் என்னும் நீராவிக் கப்பல் டக்ளஸ் விரிகுடாவின் பாறையில் சிக்கியது. நீச்சல் அறியாத அவர், அறுபதை நெருங்கிய வயதிலும் மீட்புப் படகில் விரைந்தார். அலை அவரைக் கடலில் வீழ்த்தியது. விலா எலும்புகள் முறிந்தன. எனினும் கப்பலிலிருந்த 22 பேரும் கரைசேர்ந்தனர். 1832இல் அப்பாறைமீதே அடைக்கலக் கோபுரம் எழுப்பச் செய்தார்.

ஹில்லரி 1847இல் மறைந்தார். அவர் தொடங்கிய அமைப்பின் படகுகளைத் தன்னார்வலர்கள் இன்றும் புயலுக்குள் செலுத்துகின்றனர்.