பெரியம்மை நாட்களில் யோசவ் வாஸ் அடிகளார்



சனவரி 16ஆம் நாள் நாம் திருநாள் கொண்டாடும் புனித யோசவ் வாஸ் அடிகளாரை இலங்கையின் அப்போஸ்தலர் என்று அறிவீர்கள். மாறுவேடத்தில் வந்து, இரவில் திருப்பலி நிறைவேற்றி, சிதறிய மந்தையைச் சேர்த்த வரலாற்றைச் சிறுவயது முதலே கேட்டிருப்பீர்கள். கொள்ளைநோய் நாட்களில் அவர் கண்டி நகரில் ஆற்றிய பணியைப் பற்றி நம் வீடுகளில் அவ்வளவாகப் பேசுவதில்லை. தொற்றுநோய்கள் இன்றும் நம் வாசற்படி ஏறுவதால் அதைச் சற்று நினைவுகூருவோம்.

1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனவுலிம் ஊரில் அடிகளார் பிறந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் குருவானவரின்றித் தவிப்பதைக் கேள்வியுற்று, 1687இல் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றுளைவு அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அந்நிய ஊரில் நோயுற்றுக் கிடப்பவனின் நிலையைத் தம் உடலாலேயே அறிந்துகொண்டார்.

1692இல் கண்டி இராச்சியத்துக்கு வந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். நாளடைவில் அவருடைய நற்குணத்தைக் கண்ட இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்கு ஆதரவளித்தான்.

1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. மன்னன் நகரைவிட்டு அகன்றான். வசதியுள்ளோரும் அகன்றனர். நோய் கண்டவர்களை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அவர்களைக் கொடியவர்கள் என்று நாம் எளிதில் சொல்லிவிடக்கூடாது. அது நோயின் காரணம் தெரியாத காலம். தெய்வக் குற்றம் என்று நடுங்கிய காலம்.

பெரியம்மை ஒரு வைரசுக் கிருமியால் வருவது. நோயாளியின் மூச்சோடும் இருமலோடும் வெளியாகும் நுண்துளிகளாலும், கொப்புளங்களின் சீழாலும், அது பட்ட துணியாலும் பாயாலும் பரவியது. கிருமி உடலில் புகுந்து ஏறக்குறைய இரண்டு வாரம் சென்றபின்பே காய்ச்சல் தொடங்கும். நோய் கண்ட பத்துப் பேரில் மூவர் வரை மாண்டனர். பிழைத்தவர்களிலும் சிலர் பார்வையிழந்தனர்.

எல்லோரும் ஓடிய வழிக்கு எதிராக அடிகளார் நடந்தார். உடன்குருவான யோசவ் கார்வாலோ அடிகளாரும் துணைநின்றார். காட்டில் கிடந்தவர்களைத் தேடி எடுத்துக் குடிசைகளிலும் கைவிடப்பட்ட வீடுகளிலும் சேர்த்தனர். புண்களைக் கழுவினர், உணவும் மருந்தும் கொடுத்தனர், இறந்தோரை அடக்கம் செய்தனர். கத்தோலிக்கன், பௌத்தன் என்று பேதம் பார்க்கவில்லை.

பெரியம்மையைக் குணமாக்கும் மருந்து அன்று எவரிடமும் இல்லை. ஆனால் எழுந்து நடக்க முடியாதவனுக்கு வாயில் ஊற்றும் தண்ணீரும் கஞ்சியுமே பெரிய மருந்து. காட்டில் விடப்பட்டவனை நோயோடு பசியும் தாகமும் சேர்ந்து கொன்றன. அடிகளார் நோயாளிகளை ஊரின் நடுவே கலந்துவிடவில்லை. தனி இடத்தில் வைத்துப் பராமரித்தார். தனியே வைப்பது வேறு, கைவிடுவது வேறு. இன்று மருத்துவர்களும் தாதியரும் தொற்று நோயாளர் விடுதிகளில் செய்வது இதையே.

1711 சனவரி 16ஆம் நாள் அடிகளார் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். 1995இல் அருளாளராகவும் 2015இல் புனிதராகவும் கொழும்பில் உயர்த்தப்பட்டார். அவர் கண்ட கொடிய நோயும் இன்று இல்லை. 1796இல் எட்வர்ட் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் பசு அம்மையிலிருந்து அம்மைப்பால் குத்தும் முறையைக் காட்டினார். 1802இல் அது இலங்கைக்கு வந்தது. இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை 1977இல் சோமாலியாவில் காணப்பட்டது. 1980இல் உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆயினும் வேறு நோய்கள் நம்மைச் சுற்றியே உள்ளன. 2007இல் கம்பளையில் செங்கண்மாரி பரவியது. மலக்கழிவு கலந்த நீரும் உணவும் அதன் வழி. வயிற்றுளைவுக்கும் நெருப்புக் காய்ச்சலுக்கும் அதுவே வழி. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மலசலகூடம் சென்றபின்னும் உண்ணுமுன்னும் சவர்க்காரம் இட்டுக் கை கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அந்த நுளம்பு நம் பூச்சாடித் தட்டிலும் கூரைப் பீலியிலும் தேங்கிய நீரில் ஒரு வார காலத்தில் வளர்ந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். வயலில் இறங்குவோர், எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் எலிக்காய்ச்சல் வரும் என்பதை மறவாதீர்கள். காலில் புண் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பூசியை உரிய காலத்தில் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் காசநோய் என்று ஊரார் பேசுவார்களே என அஞ்சி வீட்டுக்குள் மறைந்திருப்பதுண்டு. மறைத்த நோய் வீட்டாருக்கும் பரவும். அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கிறது. வழக்கமாக ஆறு மாதம் மருந்தைத் தவறாது உட்கொண்டால் குணமாகும். வெட்கத்தால் அவர் ஒளிந்துகொள்ளக் காரணம் நம் பார்வையும் நம் பேச்சும்தான்.

உங்கள் லயத்திலோ, ஒழுங்கையிலோ நோயுற்ற குடும்பம் ஒன்று இருக்கலாம். முகத்தை மூடிக்கொள்ளுங்கள், கையைக் கழுவுங்கள். ஆனால் ஒரு பாத்திரம் கஞ்சியோடு அவர்கள் வாசலுக்குப் போங்கள். அடிகளாருக்கு நாம் ஏற்றும் மெழுகுதிரியைவிட அது அவருக்கு உவப்பாயிருக்கும்.