எதிராளியை அழைத்து அளக்கச் சொன்னவர்

பொருளாதாரம் பயிற்றுவித்த காலத்தில், ஒரு புள்ளிவிவரத்தைக் கண்டால் அதை அளந்தவர் யார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. அளந்தவரே அதனால் பயனடைபவராகவும் இருந்தால் ஐயம் இரட்டிப்பாகும். இயற்பியல் என் துறை அன்று. ஆயினும் சோவியத் அறிஞர் லெவ் ஆர்ட்சிமோவிச்சின் வாழ்க்கை என்னை ஈர்த்தது இந்தக் கேள்வியால்தான்.

1909-இல் மாஸ்கோவில் பிறந்த அவர், மின்ஸ்க் நகரில் பட்டம் பெற்று லெனின்கிராடில் ஆய்வாளரானார். போருக்குப் பின் அணுகுண்டுத் திட்டத்தில் பணி. 1951-இல் அணுக்கரு இணைவு ஆய்வின் சோதனைப் பிரிவுக்குத் தலைமையேற்றார்.

சூரியனில் நிகழும் இணைவைப் பூமியில் நிகழ்த்த, ஹைட்ரஜன் வாயுவைப் பல கோடி டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அப்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து வாயு பிளாஸ்மாவாகிறது. அந்த வெப்பத்தைத் தாங்கும் பாத்திரம் உலகில் இல்லை. ஆனால் மின்னூட்டம் கொண்ட துகள்கள் காந்தப்புலத்துக்குக் கட்டுப்படும். சாகரோவ், இகோர் டாம் ஆகியோர் முன்வைத்த இக்கருத்திலிருந்து வளர்ந்ததே டோக்காமாக்: மெதுவடை போன்ற வளைய அறை; அதைச் சுற்றிக் காந்தச் சுருள்கள். பிளாஸ்மாவினூடே பாயும் பெரும் மின்னோட்டம், அடுப்புக் கம்பியைப் போல் அதைச் சூடாக்குகிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் காக்கவும் துணைநிற்கிறது.

சூடாக்கினால் போதுமா? எவ்வளவு சூடு என்று நிறுவ வேண்டாமா? 1952-இல் அவரது குழுவின் சோதனையில் நியூட்ரான்கள் வெளிப்பட்டன. இணைவு நிகழ்ந்துவிட்டதாக மகிழ இடமிருந்தது. துருவி ஆராய்ந்தபோது, அவை வெப்பத்தால் விளைந்தவை அல்ல என்று தெரிந்தது. பிரிட்டன் அதே பள்ளத்தில் பகிரங்கமாக விழுந்தது. 1958 ஜனவரியில் ஹார்வெல் ஆய்வகம் வெற்றியென அறிவித்ததைச் சில மாதங்களிலேயே திரும்பப் பெற்றது.

ஆகவே 1968 ஆகஸ்டில், நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் தம் டி-3 டோக்காமாக் ஏறத்தாழ 1 கோடி டிகிரியை எட்டியதாக ஆர்ட்சிமோவிச் கூறியபோது மேலைநாட்டார் நம்பவில்லை. காந்தப்புல மாற்றத்தைக் கொண்டு கணக்கிட்ட மறைமுக அளவீடு அது. கட்டுமீறி ஓடும் சில எலக்ட்ரான்களே அப்படியொரு தோற்றத்தைத் தரக்கூடும் என்றனர். நியாயமான ஐயமே.

அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்தாரையே வந்து அளக்குமாறு அழைத்தார். அம்மாதமே சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் நுழைந்ததை எண்ணினால் அழைப்பின் துணிவு விளங்கும். உள்நாட்டில் அவருக்குப் பாராட்டுக்குக் குறைவில்லை. முடிவு எதிராகியிருந்தால் இழப்பு முழுவதும் அவருடையது.

1969-இல் பிரிட்டிஷ் குழு டன் கணக்கான கருவிகளுடன் மாஸ்கோ சென்றது. லேசர் ஒளியைப் பிளாஸ்மாவுக்குள் செலுத்தினால் எலக்ட்ரான்கள் அதில் மிகச் சிறு பகுதியைச் சிதறடிக்கும். அவை எவ்வளவு வேகமாக இயங்குகின்றனவோ அவ்வளவுக்குச் சிதறிய ஒளியின் அலைநீளம் விரிவடையும். அந்த விரிவே வெப்பநிலையைச் சொல்லிவிடும். ஒருசில எலக்ட்ரான்களின் ஓட்டத்தை அனைத்தின் வெப்பமாகக் கருதும் குழப்பத்துக்கு அங்கு இடமில்லை. மாதக்கணக்கில் உழைத்துக் கிடைத்த விடை: 1 கோடி டிகிரி உண்மையே. அவ்வாண்டு நவம்பரில் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது.

அதுவரை வேறொரு வடிவமைப்பைப் பற்றிநின்ற அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வகம், தன் பெரிய இயந்திரத்தையே டோக்காமாக்காக மாற்றியமைத்து 1970-இல் இயக்கியது. 1973 மார்ச்சில், 64-ஆம் வயதில் ஆர்ட்சிமோவிச் காலமானபோது பல நாடுகள் டோக்காமாக்குகளைக் கட்டத் தொடங்கியிருந்தன.