சேலம் விஜயராகவாச்சாரியார்



ஊரை ஆளும் முறை அறிந்தாரே நாட்டை ஆளும் முறையும் அறிவர். அங்ஙனமாகவும், நகரசபை அங்கத்தினர் பதவியென்றால் அதனை எளிதாக எண்ணி இகழ்வார் நம்மிற் பலர் உளர். சின்னாட்களுக்கு முன், திருவரங்கம் செல்லுதற்பொருட்டு யாம் சத்திரம் பேருந்து நிலையத்திற் காத்திருந்தபோது, நம் சங்கத்து இளைஞர் இருவர், சாக்கடையும் தெருவிளக்கும் பார்ப்பதும் ஒரு பதவியோ என்று தம்முள் நகையாடக் கேட்டோம். அவர்களைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. அவ்வெளிய பதவியின்பொருட்டு அரசாங்கத்தையே நீதிமன்றத்தில் எதிர்த்து நின்று வென்ற பெரியார் ஒருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தனர். அவர் சரித்திரத்தை அவ்விளைஞரும் பிறரும் அறிதல் நலமென்று கருதியே இதனை வரையலானோம்.

அப்பெரியார் சேலம் விஜயராகவாச்சாரியார் ஆவர். இவர் 1852-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் நாள், செங்கற்பட்டைச் சார்ந்த பொன்விளைந்த களத்தூரில், சடகோபாச்சாரியார் என்னும் வைதிகருக்கு மகனாகத் தோன்றினர். பெருஞ்செல்வம் படைத்த குடும்பமன்று. எனினும் கல்வியில் ஊக்கம் குன்றாது பயின்று, சென்னை மாகாணக் கல்லூரியில் 1875-இல் பட்டம் பெற்றனர். பின்னர் ஆசிரியத் தொழில் பூண்டு, மங்களூரிலும், அதன்பின் சேலம் நகரசபைக் கல்லூரியிலும் பணியாற்றினர். ஆசிரியராயிருந்துகொண்டே, சட்ட வகுப்பிற் சேர்ந்து பயிலாமல், தாமே நூல்களைக் கற்றுத் தேர்ந்து, 1881-இல் வழக்கறிஞராயினர்.

சேலம் நகரசபை 1866-இல் ஏற்பட்டது. நம் திருச்சிராப்பள்ளி நகரசபையும் அவ்வாண்டிலேயே தோன்றியதாகலின், இவ்விரண்டனையும் உடன்பிறந்தன என்னலாம். அச் சேலம் நகரசபையில் விஜயராகவாச்சாரியார் 1882-இல் அங்கத்தினராகப் புகுந்தனர். அவ்வாண்டிலேயே பெருந்துன்பம் ஒன்று அவரை வந்தடைந்தது. மசூதி ஒன்றையும் ஊர்வலம் செல்லும் வழியையும் பற்றி அந்நகரத்து இந்துக்களுக்கும் மகம்மதியர்க்கும் எழுந்த பிணக்குப் பெருங்கலகமாக முற்றியது. இரு திறத்தார்க்கும் தீராத கேடு விளைந்தது. அக்கலகத்தைத் தூண்டியவருள் ஒருவர் எனக் குற்றஞ்சாட்டி, அரசாங்கத்தார் முப்பது வயதினரான அவர்மீது வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் பத்தாண்டுத் தண்டனை விதித்தது.

தொழில் தொடங்கி ஓராண்டே கடந்த இளைஞர் ஒருவருக்கு இத்தகைய இடர் நேர்ந்தால், அவர் வாழ்வு அத்துடன் முடிந்ததென்றே யாவரும் கருதுவர். அவரோ மனந்தளர்ந்தாரிலர். சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து, தாம் குற்றமற்றவர் என்னும் தீர்ப்பைப் பெற்றனர். தம்மோடு தண்டிக்கப்பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பெற்றாரை அவர் மறந்தாரிலர். அவர்கள் விடுதலையின்பொருட்டு, அந்நாளில் இராஜப்பிரதிநிதியாயிருந்த ரிப்பன் பிரபுவினிடம் முறையிட்டனர்.

இனி, நம் இளைஞர் ஊன்றி நோக்கற்பாலது பின்வருவது. கலக வழக்கினை முன்னிட்டு அரசாங்கத்தார் அவரை நகரசபை அங்கத்தினின்றும் நீக்கியிருந்தனர். உயிரும் மானமும் தப்பின, இச்சிறு பதவி போனாற் போகட்டும் என்று வேறொருவராயின் வாளாவிருந்திருப்பர். ஆனால் அவர், நகரத்தாரின்பொருட்டு அமைந்த இடத்தை அரசாங்கம் தன் விருப்பம்போல் பறித்தல் தகாதென்று துணிந்து, இந்தியா மந்திரிமீதே வழக்குத் தொடுத்தனர். வழக்கு 1884-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் முடிவெய்தியது, அவர் வென்றனர். கிடைத்த நஷ்டஈடு 100 ரூபாயே. அத்தொகை சிறிது, அதனால் நிலைநாட்டப்பெற்ற நியாயமோ பெரிது. ஆள்வோரும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவரே என்பதை, அந்நியர் ஆட்சி மேலோங்கியிருந்த அக்காலத்தில், ஊர்ச்சபை அங்கத்தினர் ஒருவர் மெய்ப்பித்தனர்.

இதன்பின் அவர் புகழ் நாடெங்கும் பரவியது. 1885-இல் தோன்றிய காங்கிரஸ் மகாசபையில் தொடக்கந்தொட்டே ஈடுபட்டு உழைத்தனர். 1895-இல் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகி ஆறாண்டு பணிபுரிந்தனர். 1913 முதல் 1916 வரை கவர்னர் ஜெனரலின் இந்தியச் சட்டசபையில் அமர்ந்து, நாட்டு மக்கள் குறைகளை எடுத்துரைத்தனர். சேலத்து வீதிகளின் நலம் பேசத் தொடங்கிய நா, முப்பதாண்டின்பின் பரதகண்டத்தின் நலம் பேசிற்று. 1920 டிசம்பரில் நாகபுரியிற் கூடிய காங்கிரஸில் அவரே தலைமை தாங்கினர். பதினாலாயிரத்திற்கு மேற்பட்ட பிரதிநிதிகள் திரண்ட அச்சபையில், காந்தியடிகளின் ஒத்துழையாமைத் தீர்மானம் நிறைவேறியது. அத்திட்டத்தில் தமக்கு உடன்பாடில்லாதவற்றைத் தலைவராயிருந்தும் அவர் மறைத்தாரல்லர். பெருங்கூட்டத்தின் ஆரவாரத்திற்கு அஞ்சித் தம் கருத்தை மாற்றிக்கொள்ளுதல் அவர் இயல்பன்று.

குடும்ப வாழ்வினைப் பற்றிய அவர் கொள்கைகளும் நம் இல்லத்தார் அறியத்தக்கன. பெண்கள் பருவமெய்திய பின்னரே மணம் செய்வித்தல் வேண்டும் என்றும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினர். வைதிகக் குடியிற் பிறந்தவர் அக்காலத்தில் இவ்வாறு கூறுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க.

தென்னாட்டுச் சிங்கம் எனப் போற்றப்பெற்ற அவர் 1944 ஏப்ரல் 19-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தனர். அவர் அமர்ந்த அந்நகரசபையில் 1917 முதல் 1919 வரை தலைவராயிருந்தவர் இராஜகோபாலாச்சாரியார். இவர் 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகி, நாட்டின் தலைமைப் பதவியை அலங்கரித்தமை யாவரும் அறிந்ததே. ஓர் ஊரின் சாக்கடையையும் தெருவிளக்கையும் பார்த்த சபையிலிருந்தே இத்தகையோர் புறப்பட்டனர்.

ஆதலின், நம் சங்கத்து இளைஞர்காள்! ஊர்ப்பணி கிடைப்பின் சிறிதென்று தள்ளற்க. கிடைத்ததனை அச்சத்தாலோ சோம்பலாலோ பிறர்க்கு விட்டுக்கொடுத்தலும் ஒழிக. பதவி பெரிதாதலும் சிறிதாதலும் அதில் அமர்வோர் நெஞ்சைப் பொறுத்தனவாம்.