கிட்டார் மீட்டிய சகோதரி

ராக் இசை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது நீண்ட முடி வளர்த்த இளைஞர் ஒருவரின் உருவமே. தோளில் மின்கிட்டாரைத் தொங்கவிட்டுக்கொண்டு, மேடையே அதிர அவர் ஆடிப் பாடுவார். அத்தகைய இளைஞர்களுக்கெல்லாம் முன்னோடியாக நின்றவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி என்பதும், அவர் கிட்டார் மீட்டிப் பழகியது கோவில் வழிபாட்டில் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ரொசெட்டா தார்ப்.

உலகம் அவரைச் சகோதரி ரொசெட்டா தார்ப் என்றே அழைத்தது. சகோதரி என்றவுடன் நம் மடத்துச் சகோதரிகளைப் போன்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் துறவறம் பூண்டவர் அல்லர். அவர் பிறந்து வளர்ந்த பெந்தகோஸ்து சபையில் பெண்களைச் சகோதரி என்று அழைப்பது வழக்கம். அந்த வழக்கம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அந்தச் சபையாரே அவரைக் கடிந்துகொண்டபோதும் அந்த அடைமொழியை அவர் விடவில்லை.

1915-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியான ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில், காட்டன் பிளாண்ட் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பருத்திச் செடி என்பதுதான் ஊரின் பெயர். பெற்றோர் செய்ததும் பருத்தி பறிக்கும் வேலையே. கறுப்பின மக்களின் அடிமைத்தளை சட்டப்படி அறுந்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அவர்களுடைய வறுமையும் இழிவும் அறுந்தபாடில்லை.

தாயார் கேட்டி பெல் நியூபின் இறைப்பற்று மிக்கவர். மாண்டலின் வாசிப்பார், பாடுவார், ஊர் ஊராகச் சென்று போதிப்பார். அவர் சேர்ந்திருந்த சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் என்ற சபையில் பெண்கள் வேதம் போதிக்க இடமிருந்தது. இசைக்கும் தடையில்லை. அக்காலத்துக் கறுப்பினக் கிறிஸ்தவர் பலர் கிட்டாரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். அது சாராயக் கடையில் புளூஸ் பாடுவோரின் கருவி, சாத்தானின் கருவி என்பார்கள். இந்தச் சபையாரோ, நரம்பிசையும் தாளங்களும் கொண்டு இறைவனைப் புகழச் சொல்லும் 150-ஆம் திருப்பாடலைக் காட்டி, கிட்டாரையும் மத்தளத்தையும் கஞ்சிராவைப் போன்ற டாம்பரினையும் கோவிலுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டனர்.

ரொசெட்டா ஏறக்குறைய நான்கு வயதிலேயே கிட்டாரைக் கையில் எடுத்தார். ஆறு வயதில் தாயாருடன் நற்செய்திக் கூட்டங்களில் பாடினார். பின்னர் தாயும் மகளும் சிகாகோ நகரில் குடியேறினர். தென்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் அந்நகரில் குவிந்துகொண்டிருந்த காலம் அது. 40-ஆம் தெருவில் இருந்த சபைக் கோவிலில் சிறுமி பாடும்போது, உருவம் தெரியவேண்டும் என்பதற்காக அவரைப் பியானோவின்மேல் ஏற்றி நிறுத்துவார்களாம். கிட்டார் மீட்டும் அற்புதக் குழந்தை என்று விளம்பரம் செய்தார்கள். சபை ஊழியர்கள் வாசிக்கக் கேட்டதும், சிகாகோ தெருக்களில் ஒலித்த புளூஸும் ஜாஸும் அவர் விரல்களில் ஒன்றாய்க் கலந்தன. பொதுவாகப் பாடகர்கள் பாட்டுக்குத் துணையாகச் சுரக்கூட்டுகளை மட்டும் தட்டிக்கொண்டிருப்பார்கள். ரொசெட்டா அப்படி நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தந்தியாகத் தெறித்து, பாட்டின் மெட்டையே கிட்டாரில் எடுத்து, தாம் பாடிய அடிக்கு அக்கருவியையே மறுமொழி சொல்ல வைத்தார். பிற்கால ராக் கிட்டார் வாசிப்பின் உயிர்நாடி இதுதான்.

1934-இல், 19 வயதில், தாமஸ் தார்ப் என்ற போதகருக்கு அவரை மணம் முடித்தனர். மணவாழ்வு நிலைக்கவில்லை. கணவரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, 1938-இல் தாயாருடன் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அவ்வாண்டின் கடைசி மூன்று மாதங்கள் அவர் வாழ்வையே புரட்டிப்போட்டன. காட்டன் கிளப் என்ற புகழ்பெற்ற கேளிக்கை விடுதியில் கேப் காலோவேயின் இசைக்குழுவோடு பாட அழைப்பு வந்தது. மேடையில் ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பினத்தார்; மேசைகளில் அமர்ந்து மது அருந்தியபடி பார்ப்போர் பெரும்பாலும் வெள்ளையர். அக்டோபர் 31 அன்று டெக்கா நிறுவனத்திற்காக நான்கு பாடல்களை இசைத்தட்டில் பதிந்தார். டிசம்பர் 23 அன்று கார்னகி மண்டபத்தில், கறுப்பின மக்களின் இசை வரலாற்றைக் காட்டுவதற்காக ஜான் ஹாமண்ட் நடத்திய பெருவிழாவில் பாடினார். அப்போது அவருக்கு வயது 23.

அந்த நான்கு பாடல்களில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அதை இயற்றியவர் தாமஸ் டார்சி. முன்பு புளூஸ் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துவிட்டு, பின்பு மனம் திரும்பிக் கோவில் பாடல்கள் எழுதியவர். தாய் குழந்தையை மார்போடு அணைப்பதுபோல் இறைவன் தம்மை அணைத்துக் காக்கவேண்டும் என்று இறைஞ்சும் பாட்டு அது. கோவிலில் பாடினால் கண்ணீர் மல்கும். அதையே ரொசெட்டா 'ராக் மீ' என்ற பெயரில், துள்ளும் தாளத்தில், குறும்பு கலந்த குரலில் பாடினார். கேளிக்கை விடுதியில் இருந்தோர் அதைக் காதல் பாட்டாகவே கேட்டுக் கைதட்டினர். சபையார் திடுக்கிட்டனர். கோவிலில் வளர்ந்த குழந்தை, ஆண்டவரின் பாட்டை மதுக்கடையில் விற்கிறாளே என்று மனம் வெதும்பினர்.

அவர்களைக் குறுகிய மனத்தினர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாரத்தில் ஆறு நாள் பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கியும், மூட்டை சுமந்தும், அவமானம் பொறுத்தும் வாழ்ந்தவர்களுக்கு ஞாயிறன்று கோவிலில் எழும் அந்தப் பாட்டு ஒன்றே சொந்தச் சொத்தாக இருந்தது. தம்மோடு ஒரே மேசையில் அமர மறுப்பவர்களின் பொழுதுபோக்காக அது மாறியதைக் காண அவர்களுக்கு நெஞ்சு வலித்திருக்கும். ரொசெட்டாவின் நிலையையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். கூலிக்காரர் மகளாகப் பிறந்த அவருக்குக் கடவுள் கொடுத்தது குரலும் விரலும்தான். கோவிலுக்கு வராதவர்கள் காதிலும் அது விழட்டும் என்று நினைத்தார். நல்ல உடையும் கைநிறையப் பணமும் வேண்டும் என்றும் நினைத்தார். இரண்டும் உண்மை.

சிக்கல் முற்றியது லக்கி மில்லிண்டரின் இசைக்குழுவில் இருந்தபோதுதான். 1941 முதல் அக்குழுவோடு பாடினார். ஒப்பந்தப்படி, தமக்கு எப்படிப்பட்ட காதலன் வேண்டும் என்று கேலியாகப் பட்டியலிடும் பாட்டையும் அவர் பாடவேண்டியிருந்தது. தட்டுகள் விற்றன, மனம் ஒப்பவில்லை. சில ஆண்டுகளில் விலகி, மீண்டும் இறைப்பாடல்களுக்கே வந்தார். ஆனால் தாளத்தையும் மின்கிட்டாரையும் அவர் விடவில்லை.

அப்படி வந்ததுதான் 1944 செப்டம்பரில் சாமி பிரைஸின் பியானோவோடு பதிவான 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே'. நாள்தோறும் விந்தைகள் நிகழ்கின்றன என்பது பொருள். கறுப்பின மக்கள் வாங்கும் இசைத்தட்டுகளுக்கென்று அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிட்ட தனிப் பட்டியலில், 1945 ஏப்ரலில் அது இரண்டாம் இடத்தைப் பிடித்தது. நடனப் பாட்டுகளுக்கு நடுவே ஓர் இறைப்பாடல்! ராக் அண்ட் ரோல் என்ற இசைவகைக்கு இதுவே முதல் தட்டு என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. முதலாவதா, இரண்டாவதா என்ற வழக்கில் நாம் இறங்க வேண்டியதில்லை; கேட்டால் கால் தானாகத் தாளம் போடும், அவ்வளவே.

1946-இல் நியூயார்க்கில் மஹாலியா ஜாக்சனின் கச்சேரிக்குச் சென்ற ரொசெட்டா, அங்கே மேரி நைட் என்ற இளம்பெண் பாடக் கேட்டார். ஆழ்ந்த, தழைந்த குரல். உடனே தம்மோடு சேர்த்துக்கொண்டார். இரு பெண்களும் அமெரிக்கா முழுதும் சுற்றினர். தென்மாநிலங்களில் கறுப்பினத்தாருக்கு விடுதிகளில் அறை கிடையாது, உணவகங்களில் இருக்கை கிடையாது. அதனால் ரொசெட்டா தமக்கென ஒரு பேருந்தே வாங்கி, அதிலேயே உறங்கி, அதிலேயே பயணம் செய்தார். ஜார்டனேர்ஸ் என்ற வெள்ளையர் பாடகர் குழு அவரோடு சிலகாலம் பயணம் செய்ததுண்டு. உணவகத்துக்குள் அவர்கள் நுழையலாம். தலைமைப் பாடகி நுழையக்கூடாது! அவர்கள்தாம் உணவைப் பொட்டலமாக வாங்கிவந்து பேருந்தில் கொடுப்பார்கள். பின்னாளில் எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களுக்குப் பின்னணி பாடியவர்களும் இதே ஜார்டனேர்ஸ்தான்.

1947-இல் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் நகரின் அரங்கத்திற்குச் சென்றபோது நடந்தது இது. அங்கே குளிர்பானம் விற்றுக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன், நிகழ்ச்சி தொடங்குமுன் ரொசெட்டாவின் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தான். அவர் காதில் விழுந்தது. அன்று மாலை அவனை மேடைக்கே அழைத்துப் பாடவைத்து, பணமும் கொடுத்தனுப்பினார். ரிச்சர்ட் பென்னிமன் என்ற அந்தச் சிறுவன்தான் லிட்டில் ரிச்சர்ட் என்ற பெயரில் ராக் இசையின் முன்னணி நாயகர்களுள் ஒருவரானார்.

புகழின் உச்சியில் 1951 ஜூலை 3 அன்று, வாஷிங்டன் நகரின் கிரிஃபித் விளையாட்டரங்கில், தம் மேலாளர் ரசல் மாரிசனை மணந்துகொண்டார். இது அவருக்கு மூன்றாம் திருமணம். ஏறத்தாழ 25,000 பேர் கட்டணம் செலுத்தி அதைக் காண வந்தனர். திருமணச் சடங்கு, பின்பு கச்சேரி, பின்பு வாணவேடிக்கை. மணக்கோலத்திலேயே கிட்டார் மீட்டினார் மணமகள். நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்த பிறகே மணமகனைத் தேடினார்கள் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். திருமணம் என்னும் புனிதமான காரியத்தை இப்படி நுழைவுச்சீட்டு விற்று நடத்தியது எனக்கு உவப்பாகத் தோன்றவில்லை. ஆயினும் தலைநகரின் நடுவில் ஒரு கறுப்பினப் பெண்ணை வாழ்த்த அத்தனை மக்கள் திரண்டதை எண்ணும்போது வியக்காமலும் இருக்க முடியவில்லை.

அதன்பின் இறக்கம். 1953-இல் மேரி நைட்டோடு சேர்ந்து புளூஸ் பாடல்களைப் பதிந்தார். கோவிலில் வளர்ந்த ரசிகர்கள் இம்முறை மன்னிக்கவில்லை. கேளிக்கை விடுதிப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மஹாலியா ஜாக்சன்தான் அவர்களுக்கு இறைப்பாடலின் அரசி. மறுபுறம், ரொசெட்டா தொடங்கிவைத்த ஒலியை இளைஞர்கள் எடுத்துக்கொண்டு ராக் அண்ட் ரோல் என்று கொடி நாட்டினர். 40 வயதைக் கடந்த, கிட்டார் ஏந்திய கிறிஸ்தவப் பெண்மணியை அந்தக் கூட்டத்தில் யாரும் தேடவில்லை.

கைகொடுத்தது கடல் கடந்த நாடு. 1957-இல் கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழுவோடு இங்கிலாந்தில் பாடினார். 1964 மே 7 அன்று மான்செஸ்டர் நகரில், கைவிடப்பட்ட ஒரு புகைவண்டி நிலையத்தில் கிரனாடா தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சியைப் படமாக்கியது. ஒரு நடைமேடையில் கலைஞர்கள், இருப்புப்பாதைக்கு அப்பால் எதிர் நடைமேடையில் இளைஞர் கூட்டம். மழை கொட்டித் தீர்த்தது. ரொசெட்டா குதிரைவண்டியில் வந்து இறங்கினார். முதலில் பாட வைத்திருந்த பாட்டை ஒதுக்கிவிட்டு, நோவா காலத்துப் பெருமழையைப் பற்றிய பாட்டை எடுத்தார்! நல்ல மேலங்கி, உயர்ந்த குதிகால் காலணி, ஈரத் தரை, தோளில் வெள்ளை நிற மின்கிட்டார். அந்தப் படச்சுருள் இன்றும் உள்ளது. இசை நடுவே கிட்டாரைத் தனியே வாசிக்கத் தொடங்கும்போது அவர் முகத்தில் தோன்றும் பெருமிதத்தைக் காணவேண்டும்.

நீரிழிவு நோய் அவரைப் பற்றியிருந்தது. அன்புத் தாயார் மறைந்தார். சபை கடிந்த நாள்களிலும் மகளை விட்டு விலகாதவர் அந்தத் தாய். மகளோடு சேர்ந்து இசைத்தட்டிலும் பாடியவர். 1970-இல் ரொசெட்டாவுக்குப் பக்கவாதம் வந்தது. பின்பு ஒரு காலையும் எடுக்கவேண்டியதாயிற்று. அப்படியும் மேடைகளில் அமர்ந்தபடி பாடினார். மீண்டும் இசைத்தட்டுப் பதிவு செய்ய நாள் குறித்திருந்த வேளையில், இரண்டாம் முறை பக்கவாதம் தாக்கி, 1973 அக்டோபர் 9-ஆம் நாள் பிலடெல்பியாவில் காலமானார். வயது 58. அவர் தலைமுடியை வாரி ஒழுங்குசெய்து, உடை தேர்ந்தெடுத்து அடக்கத்துக்கு ஆயத்தம் செய்தவர் பழைய தோழி மேரி நைட். 25,000 பேர் திரண்ட அந்தத் திருமணத்தில் தோழியாக நின்றவரும் அவரே. நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தனர். பெயர் பொறித்த கல் ஒன்றுகூட வைக்கவில்லை.

பல ஆண்டுகள் அந்த இடம் வெறும் புல்தரையாகவே கிடந்தது. 1992-இல் ஜானி கேஷ் என்ற பெரும் பாடகர் தமக்குக் கிடைத்த கௌரவத்தின்போது அவர் பெயரைச் சொல்லி நினைவுகூர்ந்தார். 1998-இல் அமெரிக்க அரசு அவர் உருவம் தாங்கிய 32 சென்ட் அஞ்சல்தலை வெளியிட்டது. 2007-இல் கேல் வால்ட் என்ற பேராசிரியை அவருடைய வரலாற்றை நூலாக எழுதினார். 2018-இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. கல்லறைக் கல்லுக்குப் பணம் திரட்ட 2008 ஜனவரி 11 அன்று ஒரு கச்சேரி நடந்தது; பென்சில்வேனியா மாநிலம் அந்நாளை ரொசெட்டா தார்ப் நாளாக அறிவித்தது. அன்று மேடையேறிப் பாடியவர்களுள், எண்பது வயதைக் கடந்த மேரி நைட்டும் இருந்தார்.